இடது கீழ் மூலை

அக்டோபர் 2

அக்கா,

பதினெட்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உன் போனில் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிடலாம். அம்மா பக்கத்திலேயே நின்று கேட்பாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதனால் தபால். உறையில் அனுப்புகிறவர் பெயர் போடவில்லை. போட்டால் பிரிக்காமல் திருப்பிவிடுவாய்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வர முடிகிறதா பார்க்கிறேன்.

நான் கண்காணித்து வந்த பழைய அடுக்குமாடி ஒன்றில், செப்டம்பர் பதினொன்றாம் தேதி காலை, மூன்றாம் மாடி பால்கனி ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அதில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வீட்டிலேயே இயந்திரம் போட்டுத் தைக்கிறவர். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் தையலக்கா. கைப்பிடிக் கம்பியில் தொங்கியதால் உயிர் தப்பினார். வலது கை, தளத்துக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

என் வேலை என்னவென்று நீ ஒருமுறை கேட்டாய். நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சுவரில் விரிசல் விட்டால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டிவைப்போம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் அதன் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பட்டையையும் படம் எடுத்து, போன முறை எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, 'மாற்றமில்லை' என்றோ 'மாற்றம் உண்டு' என்றோ எழுத வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஒன்பது பட்டைகள். தையலக்கா வீட்டுப் பால்கனி ஓரத்தில் இருந்தது ஏழாவது.

ஜூன் மாதம் ஏழாவதுக்கு நேராக 'மாற்றமில்லை' என்று எழுதினேன். இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பட்டை முழுசாக இருந்ததா, உடைந்திருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. படத்தில் அந்த இடம் மெழுகு மாதிரி உருகிக் கிடக்கிறது.

அந்தப் படத்தை நீ கொடுத்த லென்ஸில் எடுத்தேன்.

இருபதாம் தேதி விசாரணை. என் உரிமம் போகும் என்கிறார்கள். வழக்கும் வரலாம். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் கம்பெனித் தாளில் நாலு வரி: இந்த எண்ணுள்ள லென்ஸில் குறை இருந்தது, அது வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீதானே அங்கே சோதிக்கிறவள். உன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நான் பேசியதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதே.

தம்பி

---

அக்டோபர் 6

தம்பிக்கு,

பெயர் போடாவிட்டால் என்ன. உறையில் முகவரியை மூலைக்குச் சாய்த்து எழுதுகிறவன் நீ ஒருவன்தான்.

அந்த அம்மாவின் கை எப்படி இருக்கிறது? இரண்டு பக்கக் கடிதத்தில் அதற்கு உனக்கு இடம் கிடைக்கவில்லை.

நீ கேட்டதை எழுதித் தரமாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் சோதனை அறை ஒரு இருட்டுப் பெட்டி. லென்ஸுக்குப் பின்னால் விளக்கு. கோடுகள் வரைந்த கண்ணாடித் தகடு. அந்தக் கோடுகள் லென்ஸ் வழியாகச் சுவரில் விழும். நான் நாலு மூலைகளையும் பார்ப்பேன். ஒரு நாளைக்கு அறுபது லென்ஸ். எங்கள் லென்ஸ் மூலையில் மங்கும். மங்கவேண்டும் என்றுதான் செய்கிறோம். கணினியில் கணக்குப் போட்டு, சுத்தமாக வரக்கூடிய பிம்பத்தைக் கொஞ்சம் கெடுத்து, அந்தக் காலத்துக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறோம். எங்கள் விதி இது: நாலு மூலையும் ஒரே மாதிரி மங்கினால் குணம். ஒரு மூலை மட்டும் மங்கினால் குறை. குறை என்றால் சாம்பல் நிறத் தட்டில் வைப்போம். வெள்ளிக்கிழமை அதைப் பிரித்து, பித்தளையைத் தனியே எடுத்துக்கொண்டு, கண்ணாடியைச் சுத்தியால் உடைப்பார்கள்.

உன் லென்ஸ் தேறியது. என் முத்திரை. எண் பதினான்கு.

இந்த லென்ஸ் யாருக்கு என்று உனக்குத் தெரியாதா? போன வாரம் பழுது என்று ஒன்று திரும்பி வந்தது. பின்மூடியில் ஒட்டிய காகிதமே கிழியவில்லை. கேமராவில் ஒருமுறைகூட மாட்டியதில்லை. வாங்கியவரின் புகார்: ஒரு வருஷம் கழுத்தில் போட்டுத் திரிந்தும் கறுப்பு வண்ணம் உதிர்ந்து பித்தளை தெரியவில்லையாம். எங்கள் சூப்பர்வைசர் அம்மா படித்துவிட்டுச் சொன்னார்கள்: "நாப்பது வருஷ உழைப்பு ஆறு மாசத்துல வேணுமாம். பெயிண்ட்ட இன்னும் மெல்லிசா அடிங்கடி." மெலிதாக அடிக்கிறோம்.

இதைக் கொண்டுபோய் ஒரு கட்டடத்தின் உயிரை எடை போட்டிருக்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அலுவலகக் கேமரா எங்கே போயிற்று?

அன்றைக்கு நீ சொன்னது: "பொய்க்குப் பாலீஷ் போடுற வேலை." அம்மா முன்னால் சொன்னாய். அந்தப் பொய்யை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனது யார்?

குறை இல்லாததைக் குறை என்று எழுதுவதும் பொய்தான். அதற்கு என்னிடம் பாலீஷ் இல்லை.

அக்கா

---

அக்டோபர் 9

அக்கா,

திட்டிவிட்டாய். சரி. திட்டு வாங்குவதற்கு இந்த மாதம் வரிசை நீளம். நீ ஏழாவது ஆள்.

தையலக்காவின் கை. நாலு விரல் மடங்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அசைகிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் எதிரே இருந்த கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அலுவலகக் கேமரா எங்கே என்று கேட்டாய். என் மேசையின் கீழ் இழுப்பறையில். செங்கல் கனம். பிளாஸ்டிக். மேலே அலுவலகத்தின் மஞ்சள் ஒட்டுத்தாள். அதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கட்டடத்துக்குள் போனால், இடிக்க வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். "வீட்ல யாரும் இல்ல" என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்வார்கள்.

ஒருநாள் அதன் மின்கலம் செத்துவிட்டது. என் சொந்தக் கேமராவில் உன் லென்ஸை மாட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒன்பது கதவும் திறந்தன. "சினிமாவா சார்?" என்றார் ஒருவர். இன்னொரு வீட்டில் பிள்ளைகளுக்குத் தலை வாரி நிறுத்தினார்கள். தையலக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "கழுத்துல என்னப்பா, நகையா?" என்றார்.

உனக்கு இது புரியாது. அல்லது உனக்குத்தான் புரியும். அது கழுத்தில் இருந்தால் நான் வேறு ஆள். விரிசல் பார்க்கிறவன் இல்லை. பார்க்கத் தெரிந்தவன். அதற்குத் தகுந்த மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு சட்டை வாங்கினேன். அலுவலகத்தில் ஒருத்தன் கேட்டான்: "சட்டைக்கு ஏத்த கேமராவா, கேமராவுக்கு ஏத்த சட்டையாடா?" எங்கள் தலைமைப் பொறியாளர் அந்தக் காலாண்டு அறிக்கையைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இது ரிப்போர்ட்டா, கல்யாண ஆல்பமா?" அடுத்த வாரம் கட்டட உரிமையாளர் கூப்பிட்டு, படங்கள் நன்றாக இருக்கின்றன, இனி இந்த மாதிரியே வேண்டும் என்றார். யாரும் என்னைப் பிறகு அந்தச் செங்கல்லை எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் மாதப் படத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலக வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படம். செப்டம்பர் பதினொன்று மதியம் கழற்றினார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

நடுவில் தையலக்கா. இயந்திரத்தின் முன்னால். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு. அந்த நூலைப் பார், ஒவ்வொரு இழையும் தெரிகிறது. பின்னால் பால்கனிக் கதவு. பாதி தைத்த துணிகளின் வழியாக வெளிச்சம். இனி இடது கீழ் மூலையைப் பார். அங்கேதான் ஏழாவது பட்டை.

பிறகு மற்ற மூன்று மூலைகளையும் பார். உன் விதிப்படியே பார்.

தம்பி

---

அக்டோபர் 13

தம்பி,

பார்த்தேன்.

நீ படத்தை அனுப்பியிருக்கவேண்டாம். நான் பார்க்காமலேயே எனக்குத் தெரியும். இதை எழுதுவதற்கு நாலு தாள் கிழித்துவிட்டேன். ஐந்தாவதில் சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்த லென்ஸ் தேறவில்லை. நான் தேற்றினேன்.

சுவரில் மூன்று மூலைகள் ஒழுங்காக மங்கின. இடது கீழ் மூலையில் கோடுகள் தண்ணீரில் நனைந்த எழுத்து மாதிரி கரைந்தன. உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை அளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் தட்டில் வைத்தேன். பிறகு எடுத்தேன். ஒரு கேமராவில் மாட்டி ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் சைக்கிள் கொட்டகை. தகரக்கூரை. அதை ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். அன்றைக்கு அந்தத் தகரம் ஒரு மூலையில் வானத்தோடு கலந்து போயிற்று.

ஒரு நாளைக்கு அறுபது லென்ஸ் என்று எழுதினேன் இல்லையா. அறுபதும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி பழசு. எங்கள் அறையில் இது ஒன்றாவது தானாகத் தவறிப்போயிருக்கிறதே என்று தோன்றியது. அதை வெள்ளிக்கிழமை சுத்தியிடம் கொடுக்க மனம் வரவில்லை.

சாம்பல் தட்டில் இருப்பது வெளியே போகக்கூடாது. தேறியதில் ஒன்றை வருஷத்துக்கு ஒருமுறை பாதி விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்ளலாம். அதனால் பதினான்காம் எண் முத்திரையைக் குத்தினேன். வாங்கினேன். உனக்குக் கொண்டுவந்தேன். மேசையில் வைத்தேன். நீ கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பொய்க்குப் பாலீஷ் என்றாய்.

பதினெட்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ அவமானப்படுத்தியதற்காக என்று அம்மாவிடம் சொன்னேன். அது இல்லை. உனக்குத் தெரியாமலே நீ சரியாகச் சொல்லிவிட்டாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ பொய்யாக எழுதித் தரச் சொன்னது உண்மை. நான் நேர்மையாக எழுதிய பதில் பொய். இதைச் சிரிக்கிற மாதிரி எழுதப் பார்த்தேன். வரவில்லை.

கம்பெனித் தாள் எனக்குத் தரமாட்டார்கள். என் தாளில் எழுதுகிறேன். முத்திரை எண், தேதி, என்ன செய்தேன் என்பது எல்லாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருஷம் படம் எடுத்திருக்கிறாய். அந்த மூலை உனக்குத் தெரியவே இல்லையா?

அக்கா

---

அக்டோபர் 15

அக்கா,

உன் கடிதம் வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சிரித்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். உன் வேலை போகும் என்று உடனே புரிந்தது. புரிந்த பிறகும் சிரித்தேன். தப்பித்தேன், தப்பித்தேன் என்று. அம்மா கதவைத் தட்டி, "என்னடா, பல்லியா?" என்றாள்.

பிறகு உன் கடைசி வரியை மறுபடி படித்தேன்.

தெரியும்.

முதல் வாரமே தெரியும். குறை என்று தெரியாது. லென்ஸுக்கு இப்படி ஒரு குணம் என்று நினைத்தேன். நினைத்தேனா? அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. எல்லாம் தெளிவாக இருக்கும், அந்த ஒரு மூலையைத் தவிர. அதனால் படத்தில் வேண்டாததை எல்லாம் அங்கே தள்ளப் பழகினேன். குப்பைக் கூடை. ஒயர். செருப்பு. கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் போதும், அசிங்கம் கரைந்துவிடும். கைக்கு அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது. யோசிப்பதே இல்லை.

ஏழாவது பட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு வண்ணத்தில் 7 என்று நான்தான் எழுதினேன். வண்ணம் வழிந்து, பார்க்கக் கேவலமாக இருக்கும். அன்றைக்கு அந்த வெளிச்சம். அந்த நூல். நடுவில் போய் அந்தச் சிவப்பு ஏழு. கேமராவைத் திருப்பினேன்.

நான் அந்த வீட்டுக்குப் படம் எடுக்கப் போனதே அந்த ஏழாவது பட்டையை. அதை மட்டும்தான்.

முட்டி போட்டுக் கிட்டே போய் ஒரு படம் எடுத்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். எடுக்கவில்லை. அலுவலகத்தில் போய் 'மாற்றமில்லை' என்று எழுதினேன். மாற்றம் இருந்ததா? இப்போது யாருக்கும் தெரியாது. பட்டை பால்கனியோடு போய்விட்டது.

உன் கடிதத்தை விசாரணையில் கொடுத்தால் நான் வெளியே வந்துவிடுவேன். கொடுக்காவிட்டால் இதெல்லாம் சொல்லவேண்டி வரும். கொடுத்துவிட்டு இதையும் சொல்லலாம். மூன்றாவது ஒன்று இருப்பது எனக்கே தெரிகிறது.

நீ உன் தாளை எனக்கு அனுப்பாதே. கையில் இருந்தால் கொடுத்துவிடுவேன்.

தம்பி

---

அக்டோபர் 17

தம்பி,

அனுப்பியாயிற்று. உனக்கு இல்லை. நேராக விசாரணைக் குழுவுக்கு. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள், பதிவுத் தபாலில்.

உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ளாதே. என் முத்திரை நான் குத்தியது.

நீ சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. நான் கேட்கமாட்டேன். அம்மாவும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் நேற்று அவளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் சின்ன வயசுலயும் ஒரே கண்ணாடியத்தான் உடைச்சீங்க" என்றாள். பிறகு போனை வைக்காமலே அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அக்கா

---

அக்டோபர் 21

அக்கா,

நேற்று நடந்தது.

நீள மேசை. மூன்று பேர். ஒரு கூஜா. என் பக்கத்தில் தலைமைப் பொறியாளர், புதுச் சட்டையில். அந்தப் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். விளக்கை அணைத்தார்கள். உன் சோதனை அறை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைவர் உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். நிதானமாகப் படிக்கிறவர். சைக்கிள் கொட்டகை வருகிற இடத்தில் மட்டும் ஒருமுறை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதையும் எழுதியிருக்கிறாயே, அக்கா. அவர்களுக்கு அது எதற்கு?

படித்து முடித்ததும் என்னிடம் கேட்டார்: "இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"லென்ஸ்ல குறைன்னு உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல."

அது கேள்வி இல்லை. முற்றுப்புள்ளி வைத்துச் சொன்னார். நான் பதில் சொல்லவேண்டிய இடம் எதுவும் அதில் இல்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தலைமைப் பொறியாளர் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினார்.

அலுவலகத்துக்கு எச்சரிக்கை. எனக்கு ஒன்றும் இல்லை. இனிமேல் அனுமதி பெற்ற கேமரா மட்டும். லென்ஸைச் சான்றாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் தலைமைப் பொறியாளர், "உங்கக்கா தெய்வம்டா" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

தம்பி

---

நவம்பர் 4

தம்பி,

வேலை போய்விட்டது. எதிர்பார்த்ததுதான். சத்தம் போடவில்லை. சூப்பர்வைசர் அம்மா முத்திரையைத் திருப்பி வாங்கும்போது அதன் அடியில் இருந்த மையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள். "ஒரு லென்ஸுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்கள்.

நீ அனுப்பிய படத்தை அவர்களிடம் காட்டியிருந்தேன். அதை விற்பனைப் பிரிவில் யாரோ பார்த்திருக்கிறார்கள். கணக்கு முடித்து வெளியே வரும்போது ஒருத்தர் பின்னால் ஓடி வந்தார். இளவயது. கழுத்தில் எங்கள் லென்ஸ், தோல் வாரோடு. ஏதோ ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நின்றேன்.

"மேடம், அந்த லெஃப்ட் கார்னர் எஃபெக்ட்... அது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? எத்தனை டிகிரி சாய்ஞ்சிருந்துச்சு?"

"எதுக்கு?"

"சும்மா சூப்பரா இருக்கு மேடம். ஒரு ஐநூறு பீஸ் போட்டா பறந்துடும்."

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "ஒரு லேடி தைக்கிறாங்க" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். நடக்கும்போது, அவர் கேட்டதற்கு விடை எனக்குத் தெரியும் என்பது உறைத்தது. எந்த வளையத்தை எவ்வளவு தளர்த்தினால் அந்த மூலை வரும் என்று கை சொல்கிறது. நாளைக்கே செய்யலாம். செய்தால் அழகாகத்தான் இருக்கும். அதைத்தான் உன்னிடம் சொல்லவேண்டும் என்று இந்தக் கடிதம். நான் திருந்தவில்லை. எனக்கு இன்னும் அந்தப் படம் பிடித்திருக்கிறது.

விசாரணையில் நடந்ததை நீ எழுதியதைப் படித்தேன். கேட்கமாட்டேன் என்று சொன்னேன். கேட்கவில்லை.

ஆனால் அந்த அம்மாவைப் போய்ப் பார். டீக்கடையில் உட்காராதே.

அக்கா

---

நவம்பர் 19

அக்கா,

இன்று காலை விசாரணைக் குழு அலுவலகத்தில் இரண்டாவது வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றரைப் பக்கம். உனக்கு அக்டோபர் பதினைந்தில் எழுதியதைத்தான், குளியலறையை விட்டுவிட்டு, எழுதினேன். எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டு, "முடிஞ்சு போனத ஏன் சார் கிளறுறீங்க?" என்றார். உரிமம் போகும். அதற்குமேல் என்ன என்று தெரியாது. காலையிலிருந்து தலைமைப் பொறியாளர் என் போனை எடுக்கவில்லை. நான் உன் தம்பி, பழகிவிட்டது.

ஏன் கொடுத்தேன் என்று எழுதவேண்டும். நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

நேற்று தையலக்காவைப் பார்க்கப் போனேன். வேறு தெருவில், ஒரு உறவினர் வீட்டின் பின்னறையில் இருக்கிறார். இயந்திரம் மூலையில், மேலே துணி போர்த்தி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை. உட்காரச் சொன்னார். இடது கையால் நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார்.

"கேமரா கொண்டாந்திருக்கியா?" என்றார்.

பையில் அலுவலகத்துச் செங்கல் இருந்தது. வேறொரு கட்டடத்தில் வேலை முடித்து, அலுவலகத்தில் வைக்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

"மருத்துவ வாரியத்துல கையோட போட்டோ கேக்குறாங்க. கடைக்குப் போனா அவன் ஆயிரம் கேள்வி கேப்பான். நீ எடுத்துக் குடுத்துரு."

எடுத்தேன் கேமராவை. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுவா? அந்தப் பித்தளைக் கேமரா எங்க? அதுல எடுப்பா. அதுல நான் நல்லா விழுந்திருந்தேன்" என்றார்.

"அது விசாரணையில இருக்கும்மா."

"இதுல அசிங்கமா விழுமே."

"தெளிவா விழும்."

அவர் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டேன். அந்த மூலை எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் கேமராவைத் திருப்பினேன், விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்ததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"தெரியும்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீதான சொன்ன. என்னைய அங்க உக்காரவச்சிட்டு, இந்த செவப்பு நம்பரு படத்துல வேணாம்மா, கண்ண உறுத்துதுன்னு. நாங்கூட ஒரு துணியப் போட்டு மூடட்டுமான்னு கேட்டேன். வேணாம், நான் பாத்துக்கிறேன்னுட்ட."

அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். எனக்கு நினைவில்லை, அக்கா. அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

"விசாரணையில இதச் சொல்லலியா நீங்க?"

"என்னைய யாரு கூப்பிட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். அந்த நீள மேசை. கூஜா. நாங்கள் எல்லாரும் ஒரு லென்ஸைப் பற்றி அரைநாள் பேசிய அறை. ஒரு நாற்காலி குறைவாகப் போட்டிருந்தார்கள். எனக்கும் அது தோன்றவில்லை.

பிறகு படம் எடுத்தேன். அவர் கட்டிலின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். ஒரு கையால் விரித்ததால் சுருக்கம் விழுந்தது. சுருக்கத்தை இழுத்துவிட்டார், மறுபடி விழுந்தது. நான் உதவப் போனேன். "நீ கேமராவப் பாரு" என்றார். வலது கையை இடது கையால் தூக்கித் துணியின் நடுவில் வைத்தார். முட்டி போட்டுக் கிட்டே போனேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. அழகாக விழுந்தது என்பதைக் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க முடியவில்லை. விளக்கைப் போடச் சொன்னேன். குழல்விளக்கு. எல்லாம் தட்டையாக, நீலமாக ஆனது. தையல் போட்ட தடங்களை எண்ணலாம்.

"தெரியுதா?" என்றார்.

"தெரியுதும்மா."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் இடது கையால் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக, தையல் பிரித்த துணியைத் திருப்புகிற மாதிரி திருப்பி வைத்தார்.

"இந்தப் பக்கமும் எடு."

தம்பி